55 பெல் ஏர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு தேடும் வழி

என்னிடம் இருப்பது 1955 செவர்லே பெல் ஏர். 265 கன அங்குல வி8 இன்ஜின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கடைசித் திருகு வரை கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, திரும்பக் கோத்த வண்டி. மிச்சிகன் பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் படுத்துக் கிடக்கும். மே மாதம் எழுப்பினால் ஆண்டுக்கு ஒரு புதுக் குறை சொல்லும். அதைப் பார்த்து, தெரிந்தவர்களின் 56, 57 வண்டிகளுக்கும் பானட்டைத் தூக்கிப் பார்த்துப் பழகியதில் ஒன்று பிடிபட்டது. இப்படிப் புதுப்பித்த வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நாமே பொருத்தி வைத்திருக்கிறோம். எர்த் பிடிக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று பெயின்ட். அசலைத் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டிய மட்டமான புது பாகம். கடைசியாக எதைத் தொட்டோமோ, சந்தேகத்தையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

கையில் வேண்டியவை: டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், முதலைக் கவ்வி போட்ட ஒரு முழ ஒயர், உப்புத்தாள். இங்கே சொல்லும் எண்கள் 55 முதல் 57 வரையிலான 12 வோல்ட் வி8 வண்டிகளுக்கு. 54-உம் அதற்கு முந்தியவையும் 6 வோல்ட். அவற்றுக்கு இந்த அளவுகளைப் பிடித்துப் பார்க்காதீர்கள்.

## செல்ஃப் எடுக்கவில்லை

ஒரு சத்தமும் இல்லை என்றால். முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள். நன்றாக எரிந்தால் பேட்டரி அநேகமாகப் பிழைத்தது. பவர்கிளைடு என்றால் கியரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளி, அங்கே சாவியைத் திருகிப் பாருங்கள். எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள நியூட்ரல் சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. இரண்டு திருகைத் தளர்த்திச் சரி செய்யும் வேலை, காசு செலவில்லை. (இந்த வண்டியில் ரிவர்ஸ் கடைசியில், லோ கியரையும் தாண்டி இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் பழக்கதோஷத்தில் தவறான இடத்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்பார்.)

‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் என்றால். பேட்டரி முனைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரியும் இழுக்கும்போது படுத்துவிடலாம். செல்ஃப் இழுக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான்.

விழவில்லையா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். ஒருவரை சாவி திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கேபிளைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டை உலோகம் தெரிய உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்கு ஒரு பின்னல் பட்டை போக வேண்டும். கோக்கும்போது அதை மறந்தவர்கள் நிறையப் பேர், நானும்தான்.

காலையில் நன்றாக எடுக்கிறது, சூட்டில் மட்டும் முனகுகிறது என்றால். பக்கத்தில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாயின் சூடு செல்ஃப் மோட்டாரையும் சோலனாய்டையும் வாட்டுகிறது. அசல் மேனிஃபோல்டுக்குப் பதில் ஹெடர் குழாய் போட்டவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். கேபிள்களைத் தடிமனாக்குங்கள், நடுவே வெப்பத் தகடு வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் செல்ஃபைக் கழற்றி, புஷ்ஷும் பிரஷ்ஷும் மாற்றுகிற ஆளிடம் கொடுங்கள்.

## சுற்றும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் நிற்கிறது

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஃபயர்வாலில் வெள்ளைப் பீங்கான் கட்டையாக இருக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு மின்சாரம் வேறு வழியில் நேராக வரும். சாவியை விட்டதும் இந்தக் கட்டை வழியாகத்தான் வர வேண்டும். கட்டைக்குள் கம்பி அறுந்திருந்தால் இன்ஜின் அந்தக் கணமே நிற்கும்.

சாவியைப் போட்டு, கட்டையின் இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் இருண்டால் மாற்ற வேண்டியதுதான். விலை சொற்பம். நடுவழியில் என்றால் முதலைக் கவ்வி ஒயரை இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டு வீடு வரை வரலாம். அதோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் காயிலும் பாயிண்ட்டும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) கருகும். இரண்டு பக்கமும் இருண்டால் கோளாறு இக்னிஷன் சுவிட்சிலோ அதிலிருந்து வரும் ஒயரிலோ.

## சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை

கிளை இரண்டு: நெருப்பு (பிளக்கில் பொறி) இல்லை, அல்லது பெட்ரோல் இல்லை. முதலில் பெட்ரோல், ஏனென்றால் பார்ப்பது எளிது. ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜின் ஓடாத நிலையில் கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுங்கள். உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும்.

பீச்சவில்லை. பனிக்காலம் முழுக்க நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி வறண்டிருக்கும். வென்ட் குழாய் வழியாக ஒரு சிறு சிரிஞ்சால் பெட்ரோல் விட்டால் முதல் சுற்றிலேயே பிடிக்கும். கேனைத் திறந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு பேக்-ஃபயர் வந்தால் புருவம் போகும், வண்டியும் போகலாம்.

அப்படியும் திரும்ப வறண்டால் பம்ப் வேலை செய்யவில்லை. காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். முக்கால் நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட அரை லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் பம்ப்பைக் குறை சொல்லுமுன், வண்டியின் அடிச்சட்டத்தில் ஓடும் இரும்புக் குழாயையும் பம்ப்பையும் இணைக்கும் சிறு ரப்பர் ஓஸைப் பிசைந்து பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. வெடித்த ஓஸ் பெட்ரோலை ஒழுகவிடாமலே காற்றை மட்டும் உறிஞ்சும். அடுத்தது டேங்குக்குள் உள்ள வடிகட்டி வலை. பம்ப் அதற்கும் அடுத்தது.

பீச்சுகிறது. அப்படியானால் நெருப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்ட்டை ஒரு மரக்குச்சியால் விலக்குங்கள். சின்னதாக ஒரு பொறி வர வேண்டும். பொறியே இல்லையென்றால் பாயிண்ட் முகம் எண்ணெய்ப் பிசுக்கில் மூடியிருக்கலாம். சுத்தமான அட்டை ஒன்றை இடுக்கி இழுத்தால் போதும். பொறி கொழுத்து நீலமாக வந்து, பாயிண்ட் முகமும் குழி விழுந்திருந்தால் கண்டென்சர்.

இடைவெளி புது பாயிண்ட்டுக்கு 0.019 அங்குலம், ஓடித் தேய்ந்ததற்கு 0.016. டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் 30 டிகிரிக்குப் பக்கத்தில். 57-இல் வந்த ஜன்னல் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இன்ஜின் ஓடும்போதே வெளியிலிருந்து திருகிக்கொள்ளலாம். 55-க்காரர்கள் கழற்றித்தான் ஆக வேண்டும். பிளக் ஒயர்களையும் கழற்றி மாட்டியிருந்தால் வரிசையைச் சரிபாருங்கள்: 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் இடம் மாறிப் போவதுதான் வழக்கம்.

## சூடானதும் நிற்கிறது, அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது

மனிதனைப் பைத்தியமாக்குவது இதுதான். வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டும்போது கோளாறு இருக்காது. ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர்களில் வுட்வர்டு அவென்யூ நெடுக நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில், கொளுத்தும் வெயிலில் அடிக்கு அடி நின்று நகரும்போது என் வண்டி மூன்று முறை நின்றது. பாதையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாரும் சொன்ன ‘வேப்பர் லாக்’ (சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வரத்தை அடைப்பது) கடைசியில் காரணமே இல்லை.

துப்பு கிடைப்பது நின்ற முதல் இரண்டு நிமிடத்தில்தான். ஆறவிட்டால் சாட்சி அழிந்துவிடும். அதனால் நின்றதும் இந்த வரிசையில் பாருங்கள்.

1. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ஸென்று காற்றை உறிஞ்சும் சத்தம் வருகிறதா? வந்தால் வேலை முடிந்தது. இந்த வண்டிகளுக்குக் காற்று போக வழி உள்ள மூடி வேண்டும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற அடைத்த மூடியை மாட்டினால், பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் ஏறி, இருபது நிமிடத்தில் பெட்ரோல் நின்றுவிடும். வுட்வர்டில் என்னை நிறுத்தியது இதுதான், அந்த வசந்தத்தில் நானே ஆசையாக வாங்கி மாட்டிய மூடி. (உங்கள் நண்பரின் வண்டியில் மூடியையே காணோம் என்றால்: 56-இல் இடது பின்விளக்குக்குப் பின்னால், 57-இல் இடது வால்சிறகின் குரோம் பட்டைக்குப் பின்னால்.)

2. கார்புரேட்டரைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை இழுத்தால் தாரை பீச்சுகிறது என்றால் பெட்ரோல் இருக்கிறது, நெருப்புப் பக்கம் போங்கள். கண்டென்சர் முதலில். இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர்களை நான் நம்புவதில்லை. புதிதாக மாட்டி ஐம்பது மைலில் செத்ததைப் பார்த்திருக்கிறேன். ஓடிப் பழகிய பழைய கண்டென்சர் ஒன்றை எப்போதும் டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். மாற்றியதும் கிளம்பினால் அதுதான். இல்லையென்றால் காயில். கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் ஈரத்துணி போட்டு ஆற்றுங்கள். ஆறியதும் பொறி வந்தால் காயிலை மாற்றுங்கள். மாற்றும்போது, பல்லாஸ்ட் கட்டையோடு சேர்த்து ஓட்ட வேண்டிய காயிலா என்று கேட்டு வாங்குங்கள். பொருத்தமில்லாத காயில்தான் இப்படிக் கொதிக்கும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் சிறு ஒயர். பாயிண்ட் உட்காரும் தட்டு ஆடும்போதெல்லாம் மடங்கி மடங்கி, மேலுறை நன்றாக இருக்க உள்ளே நரம்பு அறுந்துபோகும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் வந்தால் இதை இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் போயிற்று.

3. தாரை இல்லை, மூடியிலும் கோளாறு இல்லை. இப்போதுதான் வேப்பர் லாக் என்று சொல்லலாம். பம்ப் மேலும் குழாய் மேலும் ஈரத்துணி போடுங்கள், ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் உறுதி. ஏப்ரல் கடைசியில் திடீரென்று வெயில் அடிக்கும் நாளில் இது அதிகம் வரும். பெட்ரோல் பங்குகளில் அப்போதும் சீக்கிரம் ஆவியாகும் பனிக்காலப் பெட்ரோல் மிச்சம் இருக்கும்.

நிரந்தரத் தீர்வை மலிவிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் குழாய் இன்ஜினைத் தொட்டபடி ஓடினால் விலக்குங்கள். அப்புறம் ஒரு பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியில் எடைக்கல் வைத்த ஒரு வால்வு இருக்கும், ஹீட் ரைஸர். இன்ஜின் ஆறியிருக்கும்போது அதை விரலால் ஆட்டினால் ஆட வேண்டும். மூடியபடியே துருப்பிடித்திருந்தால் எக்ஸாஸ்ட் சூடு முழுக்கக் கார்புரேட்டருக்கு அடியிலேயே ஓடி பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி மெல்லத் தட்டுங்கள், ஒரு வாரம் ஆனாலும் விடாமல். அதற்கும் தீரவில்லையென்றால் கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடுப்புக் கட்டை.

பெட்ரோல் குழாயில் மரத் துணிக்கிளிப் மாட்டுகிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு. நானும் வரிசையாக எட்டு மாட்டிப் பார்த்தேன். போகிறவர் வருகிறவர் கேள்வி கேட்டதைத் தவிர வேறு பலன் தெரியவில்லை.

தொழிலாளியைக் கூப்பிட வேண்டிய இடம்: இத்தனையும் பார்த்தும் நிற்கிறது, அதோடு பம்ப் அழுத்தம் 4 முதல் 5 பவுண்டுக்குள் இல்லை, அல்லது இன்ஜின் எண்ணெயில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. பம்ப் டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே எண்ணெய்க்குள் போகும். அந்த நிலையில் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

## வெப்பமானி ஏறுகிறது

நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றிய கூடு, டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) மூன்றையும் பாருங்கள். டைமிங் தாமதமாக இருந்தால் நின்ற இடத்தில் கொதிக்கும், பலர் ரேடியேட்டரை மாற்றிவிட்டுத்தான் இதைப் பார்ப்பார்கள்.

வேகத்தில் ஏறினால் தண்ணீர் போதவில்லை. கீழ் ஓஸைப் பாருங்கள், உள்ளே சுருள் கம்பி இல்லாத ஓஸ் வேகத்தில் சப்பிப் போகும். பிறகு தெர்மோஸ்டாட். பிறகு ரேடியேட்டர்: அகச்சிவப்பு வெப்பமானியை முகம் முழுக்க ஓட்டினால் அடைத்த குழாய்கள் குளிர்ந்த பட்டையாகத் தெரியும். அடைப்பு தெரிந்தால் ரேடியேட்டர் கடைக்காரர் வேலை, வீட்டில் மருந்து ஊற்றிப் பயனில்லை.

ரேடியேட்டர் மூடியை மாற்றினால் 7 பவுண்டு அழுத்த மூடியே போடுங்கள். புதுக் காருக்கான 15 பவுண்டு மூடி ஓஸையும் ஹீட்டர் கோரையும் ஒரு நாள் பிளக்கும், தண்ணீர் உங்கள் காலில் கொட்டும். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்ததும் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட். அங்கே உங்கள் வேலை முடிகிறது, மெஷின் ஷாப் வேலை தொடங்குகிறது.

## டைனமோ விளக்கு எரிகிறது

நின்ற இடத்தில் மங்கலாக எரிந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அணைந்தால் கோளாறே இல்லை. டைனமோ அப்படித்தான்.

வேகத்திலும் எரிந்தால்: பெல்ட்டை இறுக்குங்கள். பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் கட்-அவுட்டை (டைனமோவின் வோல்டேஜ் ரெகுலேட்டர் பெட்டி) கழற்றி, அது உட்காரும் இடத்திலும் அதன் கால்களிலும் பெயின்ட் இருக்கிறதா பாருங்கள். கட்-அவுட் தன் எர்த்தை உடம்பு வழியாகவே எடுக்கிறது. நான் மூன்று புதுக் கட்-அவுட் வாங்கிய பிறகுதான் உப்புத்தாளை எடுத்தேன்.

அடுத்த சோதனை: டைனமோவின் எஃப் முனையில் உள்ள ஒயரைக் கழற்றி, அந்த முனையை மட்டும் சில விநாடி எர்த்தோடு சேர்த்து, இன்ஜினை மெதுவாக முடுக்குங்கள். வோல்ட் ஏறினால் டைனமோ நல்லது, கட்-அவுட்தான் கெட்டது. ஏறாவிட்டால் பிரஷ்ஷைப் பாருங்கள், தேயாமல் இருந்தால் டைனமோ கட்டுகிறவரிடம் கொடுங்கள். எதைக் கழற்றி மாட்டினாலும், ஸ்டார்ட் செய்யுமுன் கட்-அவுட்டின் பேட்டரி முனையையும் டைனமோ முனையையும் ஒயரால் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி வரும், டைனமோவுக்குத் திசை தெரியும். இது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிக்கான முறை, பக்கத்து வீட்டு ஃபோர்டில் செய்து பார்க்காதீர்கள்.

## பிரேக்

இங்கே மட்டும் நான் கறாரான ஆள். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே அறை. எந்த ஒரு இடத்தில் ஒழுகினாலும் நான்கும் போகும்.

பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாம் முறை அமுக்கினால் மேலே நிற்கிறது: ஷூ தேய்ந்திருக்கிறது. இந்த டிரம்கள் தாமாகச் சரி செய்துகொள்ளாது. பின்தட்டின் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, சக்கரம் லேசாக உரசும்வரை இறுக்கி, பிறகு கொஞ்சம் விடுங்கள்.

பஞ்சு மாதிரி இருக்கிறது: காற்று புகுந்திருக்கிறது. காற்றை எடுத்தால் மட்டும் போதாது, எங்கே புகுந்தது என்று தேட வேண்டும்.

ஒரு பக்கம் இழுக்கிறது: வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ நனைந்திருக்கலாம். அல்லது ரப்பர் ஓஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம். பெடலை விட்ட பின்பும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடி இருந்தால் ஓஸ்தான், வெளியே புதுசு போல இருந்தாலும்.

காலை வைத்திருக்க வைத்திருக்கப் பெடல் தரையை நோக்கி இறங்குகிறது: வண்டியை நிறுத்துங்கள். ஓட்டிப் போகாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போதே இரண்டு அறை உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். செவர்லே 1967-இல் தானே மாறிக்கொண்டது. அசல் கெட்டுப்போகும் என்று வாதாடுகிறவர்களோடு இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை.

டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

## இன்ஜின் தலையில் ‘டிக் டிக்’

சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு, போல்ட்டை இறுக்குங்கள். குறையாவிட்டால் வால்வு மூடியைத் திறந்து ராக்கர்களுக்கு எண்ணெய் வருகிறதா பாருங்கள். 55, 56-இன் 265 பிளாக்கில் ஒரு சூட்சுமம்: மேலே போகும் எண்ணெய், கேம்ஷாஃப்டின் பின்புறக் கழுத்தில் வெட்டிய பள்ளம் வழியாகப் போகிறது. இன்ஜின் கட்டியவர் தெரியாமல் பிற்காலத்து, பள்ளம் இல்லாத கேமைப் போட்டிருந்தால் தலை வறண்டே கிடக்கும். எண்ணெய் மாற்றிப் பார்ப்பது வீண். இன்ஜினை நிறுத்திவிட்டு, கட்டியவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிலுக்கு விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

## சில்லறைக் குறைகள்

பெட்ரோல் முள் எப்போதும் நிறைந்தே காட்டினால் டேங்குக்குள் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக் கருவியின் எர்த் போயிருக்கிறது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. எப்போதும் காலி என்றால் ஒயர் எங்கோ உடம்பைத் தொடுகிறது, அல்லது நிஜமாகவே காலி.

மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வைப்பர் நின்றுவிட்டால் அது வெற்றிடத்தில் ஓடும் வைப்பர். முதலில் ரப்பர் ஓஸில் வெடிப்பு பாருங்கள். ஓஸ் நன்றாக இருந்தும் நின்றால் மேட்டில் ஒரு கணம் காலை எடுங்கள், ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி நிற்கும். மின்சார மோட்டார் கிட் கிடைக்கிறது. நான் இன்னும் வாங்கவில்லை, மழை நாளில் வண்டியை எடுப்பதுமில்லை.